மர்ளியாவின் தட்டில் அழுக்கு விழாது

பள்ளிவாசல்துறை மர்ளியாவைப் பார்த்து எதை வேண்டுமானாலும் சொல்லலாம். வாய்க்காரி என்று சொல்லலாம், பிடிவாதக்காரி என்று சொல்லலாம். சிரித்துக்கொண்டே ஓமென்று தலையாட்டுவாள். அவள் கை பட்ட சாமானில் அழுக்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அப்படிச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் வேலை பார்த்த மண் பரிசோதனை நிலையத்தின் பொறுப்பாளர் ரிஃபாஸ். மற்றவர் மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பங்கசுகளைப் பற்றிப் படிப்பிக்கும் விரிவுரையாளர் யூஜீனியா. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள்தான். நல்ல மனிதர்கள் சொன்னால் மட்டும் வலிக்காதா என்ன?

நிலையம் கற்பிட்டி வீதியில் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் இருந்தது. அங்கே போத்தலும் கண்ணாடித் தட்டும் கழுவுவதற்காகத்தான் மர்ளியாவை இருபத்தேழு வயதில் வேலைக்கு எடுத்தார்கள். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தவள், கல்யாணம் வந்ததால் சோதனை எழுதாமலே நின்றுபோனவள். கழுவ வந்தவள் கழுவிக்கொண்டே கண்ணையும் திறந்து வைத்திருந்தாள். ஆறு மாதத்தில் பங்கசு வளர்க்கிற ஊடகத்தைத் தானே காய்ச்சத் தொடங்கிவிட்டாள். உருளைக்கிழங்கை அவித்த தண்ணீர், சீனி, கடற்பாசித் தூள். காய்ச்சித் தட்டில் ஊற்றினால் உறைந்துவிடும். நோன்பு காலத்தில் வீட்டுக்கு வீடு கடப்பாசி காய்ச்சுகிற ஊரில் பிறந்தவளுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

பிறகு மண்ணைக் கரைத்து, அந்தக் கரைசலைப் பத்தில் ஒரு பங்காகத் திரும்பத் திரும்ப நீர்த்து, கடைசித் துளியைத் தட்டில் தடவ வேண்டும். நாலைந்து நாளில் தட்டு முழுவதும் பூசணம் பொட்டுப் பொட்டாக எழும்பும். பச்சை, கறுப்பு, மஞ்சள், ரோசா. ஊரார் கண்ணுக்கு எல்லாமே பாண் துண்டில் பிடிக்கிற பூசணம்தான். மர்ளியாவுக்கோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளை. நுணுக்குக்காட்டியில் வைத்து, படமும் குறிப்பும் நிறைந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, கிளை எப்படி, விதைபோலப் பரவுகிற வித்தி உருண்டையா நீளமா, தோல் மழமழப்பா முள்ளா என்று ஒன்றொன்றாகக் கேட்டுக் கேட்டு ஆளைப் பிடித்துவிடுவாள். இவ்வளவு தெரிந்த மனுஷியை ரிஃபாஸ், வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் "இவங்க எங்கட கழுவுற ராத்தா" என்றே அறிமுகப்படுத்துவார். கெட்ட எண்ணத்தோடு அல்ல. அக்காவை ராத்தா என்று கூப்பிட்டே பழகிப்போன வாய்.

நாட்டில் சண்டை முடிந்து மூன்று வருடமாயிருந்தது. கடற்படையிடம் பாஸ் வாங்காமல் தீவுகளுக்குப் போய்வரலாம் என்று ஆனதும், கடல்நீர் புகுந்து நிற்கும் களப்பின் ஓரத்து மண்ணில் வாழும் பங்கசுகளையெல்லாம் பட்டியல் போடுகிற வேலை நிலையத்துக்கு வந்தது. மண் எடுக்கும் இடங்களில் ஒன்று உச்சமுனைத் தீவு. மர்ளியாவின் கணவர் முத்தலிபு களப்பில் மீன் பிடிப்பவர். அவருடைய தோணியிலேயே போனாள். உச்சமுனையில் மீன்பிடிக்க வாடி போட்டுத் தங்கியிருந்த பஸ்தியான், அவள் கரண்டியோடு குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"தங்கச்சி, மண் எடுக்கவா இவ்வளவு தூரம் வந்தனீங்க? உங்கட ஊர்ல மண் முடிஞ்சிட்டுதா?"

"உங்கட மண்ணுல என்ன சீவிக்குதெண்டு உங்களுக்கே தெரியாதே பஸ்தியான் அண்ணன். பாத்துச் சொல்லுறன்" என்றாள் மர்ளியா.

கரையிலிருந்து இருபது அடி மேலே, உப்பு மண்ணில் முளைக்கிற உமிரிச் செடி படர்ந்திருந்த மண் அது.

அந்த மழைக்காலத்தில் நிலையத்தின் தண்ணீர் வடிக்கும் கருவி பழுதாகிக் கிடந்தது. ஊடகம் காய்ச்ச, ஆவியாக்கிக் குளிரவைத்து வடித்த நீர்தான் வேண்டும். கருவியைத் திருத்துகிறவர் நாளைக்கு நாளைக்கு என்று நான்கு மாதம் ஓட்டினார். வேலை நிற்கக் கூடாதென்று மர்ளியா தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கலனில் கொண்டுவந்து, கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி ஊடகம் காய்ச்சினாள். பதிவேட்டில் "தண்ணீர், ஒரு லீற்றர்" என்று எழுதினாள். தண்ணீரைத் தண்ணீர் என்றுதானே எழுத வேண்டும்.

உச்சமுனைத் தட்டில் ஆறாம் நாள் ஒரு பொட்டு எழும்பியது. ஓரம் வெள்ளை, நடுவில் சாம்பல் படிந்த பச்சை. நுணுக்குக்காட்டியில் வைத்தாள். வீடு கூட்டுகிற தும்புத்தடி மாதிரிக் கிளை, நுனியில் கோத்த மணியாய் வித்திகள். பெனிசிலியம் கூட்டத்துப் பங்கசு என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு தும்பின் நடுவிலும் ஒரு வீக்கம், நண்டுக்காலின் முட்டுப்போல. புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். மூன்று நாள் புரட்டினாள். முட்டு வைத்த பங்கசு அதில் இல்லவே இல்லை. பேரில்லாத ஒன்று! இந்த உலகத்தில் இன்னும் யாருமே பேர் வைக்காத ஒன்று, தன் தட்டில்!

பார்த்துப் பார்த்துப் படம் வரைந்தாள். படத்தையும், பங்கசை வளர்த்த குழாயையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்து யூஜீனியாவிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம். குழாயிலிருந்து எடுத்து இங்கே வளர்த்ததில் வந்தது வெறும் வெள்ளை நூல், வித்தியே வைக்கவில்லை, வித்தி இல்லாததற்குப் பேர் வைக்க முடியாது. படத்தில் இருப்பது காற்றில் வந்து தட்டில் விழுந்த வேறேதோ அழுக்காக இருக்கலாம்.

"அழுக்கா?" என்று மர்ளியா வாய்விட்டே கேட்டாள். ரிஃபாஸ் தலையைச் சொறிந்தார்.

"விடுங்க ராத்தா, எல்லாருக்கும் நடக்குறதுதானே" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டை இழுத்து, உச்சமுனைப் பங்கசு என்றிருந்த வரிக்கு நேரே "அழுக்கு" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

மர்ளியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பத்து வருடம் விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தவள் அவள். தட்டைத் திறக்கிற நேரம் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு வெளியே ஓடுகிறவள்.

"என்ட தட்டுல அழுக்கு விழாது சேர்."

"பல்கலைக்கழகமே சொல்லுதே."

"பல்கலைக்கழகம் என்ட தட்டப் பாக்கல்லயே."

சரி, திரும்ப வளர்த்துக் காட்டிவிடலாம் என்று ஒரே பிடியாக இறங்கினாள். இதற்குள் தண்ணீர் வடிக்கும் கருவியும் திருத்தியாகிவிட்டது. வைத்திருந்த குழாயிலிருந்து எடுத்துப் புதுத் தட்டில் இட்டாள். ஐந்து நாள், பத்து நாள், மூன்று வாரம். வெள்ளை நூல். பஞ்சை உதறிப் போட்டதுபோலத் தட்டு நிறைய வெள்ளை நூல். ஒரு வித்திகூட இல்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளுக்கே சந்தேகம் வந்தது. உண்மையிலேயே அழுக்குத்தானோ?

திரும்பவும் உச்சமுனைக்குப் போய்ப் புதுமண் எடுத்தாள். அதே வெள்ளை நூல். வெயிலில் வைத்தாள், இருட்டில் வைத்தாள். அரிசிக் கஞ்சியில் வளர்த்தாள், வெங்காயத் தோலில் வளர்த்தாள். உப்பு மண்ணில் இருந்து வந்ததுதானே என்று கடல் தண்ணீரில் ஊடகம் காய்ச்சிப் பார்த்தாள். அதில் நூல்கூட முளைக்கவில்லை. உப்பு இதற்கு ஆகாது என்று எழுதி அந்தக் கதவையும் சாத்தினாள். முத்தலிபு சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு பகடி பண்ணுவார்: "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப இவ்வளவு பணிவிட செய்யல்லயே புள்ள நீ!"

"உங்களுக்குப் பேர் இரிக்கி. அதுக்கு இல்ல" என்பாள்.

பட்டியல் வேலை அந்த மார்கழியோடு முடிகிறது. பட்டியலை மூடினால் அதற்குள் சேராத குழாய்களையெல்லாம் அவித்துக் கொட்டிவிடுவார்கள். இடமில்லை, வேறென்ன. உச்சமுனைக் குழாயும் போகும். பதிவேட்டில் அந்த ஒரு சொல் மட்டும் நிற்கும்.

பட்டியலைச் சரிபார்க்க யூஜீனியாவே கார்த்திகையில் நிலையத்துக்கு வந்தார். சிலாபத்தில் பிறந்து சின்ன வயதிலேயே மலைநாட்டுக்குப் போய்விட்டவர். கைப்பையில் மர்ளியா அனுப்பிய குழாயிலிருந்து எடுத்து வளர்த்த பிள்ளைக் குழாய் ஒன்றையும் திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்திருந்தார். கோபம் கோபமாக இருக்கட்டும். ஊருக்கு வந்தவரை வீட்டுக்குக் கூப்பிடாமல் விடுகிற வழக்கம் பள்ளிவாசல்துறையில் கிடையாது. மர்ளியா கூப்பிட்டாள். யூஜீனியாவும் மறுக்காமல் வந்து கதிரையில் உட்கார்ந்தார். பணியாரமும் இஞ்சி போட்ட தேத்தண்ணியும் வந்தது.

யூஜீனியா ஒரு மிடறு குடித்தார். முகம் லேசாகக் கோணியது, சமாளித்துச் சிரித்தார். இரண்டாவது மிடற்றோடு கோப்பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

"சீனி காணாதா மிஸ்?"

"இல்ல, சீனி இருக்கு." கொஞ்சம் தயங்கினார். "கூட உப்பும் இருக்கு. கை மாறிப் போட்டிட்டிங்களோ?"

முத்தலிபு தன் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். "உப்பா? எங்க? நல்லாத்தானே இரிக்கி."

மர்ளியாவுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. அழுக்கு என்று சொன்ன வாய், இப்போது தேத்தண்ணியிலும் குறை சொல்கிறதே!

"மிஸ், எங்கட கிணறு இந்தத் தெருவுக்கே நல்ல தண்ணிக் கிணறு. பக்கத்து வீட்டாக்களெல்லாம் குடத்தோட வந்து நிக்கிறாங்க. பிறந்த நாளையில இருந்து இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறம்!"

"குறையாச் சொல்லல்ல மர்ளியா. எனக்குப் பழக்கமில்ல, அவ்வளவுதான். உங்களுக்கு நாக்கு பழகிட்டு, அதால தெரியல்ல."

பதிலுக்கு இன்னும் நாலு வார்த்தை மர்ளியாவின் வாயில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. அப்படியே நின்றுவிட்டாள். பழுதான கருவி, தோளில் சுமந்த கலன், நான்கு மாதம். வித்தி வைத்த தட்டு எல்லாமே அந்த நான்கு மாதத்துத் தட்டு. கருவி திருத்திய பிறகு ஒன்றுகூட வைக்கவில்லை. கடல் தண்ணீர் அதற்குக் கூடிப்போயிற்று, வடித்த நீரில் உப்பு துளியும் இல்லை. அது கேட்டது இந்தக் கிணற்று அளவு உப்பை!

"யா அல்லாஹ்!" என்று தலையில் பளாரென்று அடித்துக்கொண்டாள். "என்ட புத்திய எங்க கொண்டு வச்சன்!"

விருந்தாளியைக் கதிரையில் விட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள். யூஜீனியா பயந்துபோய் முத்தலிபைப் பார்த்தார். அவர் இன்னொரு பணியாரத்தை எடுத்துக்கொண்டு, "சாப்பிடுங்க மிஸ், இது அடிக்கடி நடக்குறதுதான்" என்றார்.

அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரும் நிலையத்தில் நின்றார்கள். மர்ளியா மேசை மேல் மூன்று போத்தலை வைத்தாள்: வடித்த நீர், கடல் நீர், கிணற்று நீர்.

"இப்ப கேளுங்க மிஸ். நான் காய்ச்ச மாட்டன், ஊத்த மாட்டன், தொடவும் மாட்டன். எல்லாம் நீங்க செய்ங்க. என்ட குழாயும் வேணாம். நீங்க கொண்டுவந்தீங்களே, அழுக்கெண்டு சொன்ன குழாய், அதுல இருந்தே எடுங்க."

யூஜீனியாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. இவள் சொல்வது எவ்வளவு சரியான பரீட்சை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு வேலையில் இறங்கினார். மர்ளியா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்றடி தள்ளி நின்றாள். பிறர் காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது அவளுக்கு எவ்வளவு பெரிய சித்திரவதை தெரியுமா! யூஜீனியா ஒரு தட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தபோது கை துறுதுறுத்தது. விரலை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து தட்டு ஆனதும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, கதவின் மேல் காகிதம் ஒட்டி, அதில் யூஜீனியாவிடமே கையெழுத்து வாங்கினாள். பூட்டின் திறப்பையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்பினாள்.

ஏழு நாள். அலுமாரி இருந்த அறையைக் கூட்டுவதற்குக்கூட அவள் போகவில்லை. ரிஃபாஸ்தான் போகிற வருகிற நேரமெல்லாம் அந்தக் காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "ராத்தா, முளைக்காட்டி என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"முளைக்காட்டி நானே என்ட கையால குழாய அவிச்சிக் கொட்டுறன். முளைச்சா நீங்க என்ன செய்வீங்க சேர்?"

ரிஃபாஸ் காகிதத்தின் மூலையை இன்னொரு தரம் அழுத்தி விட்டுவிட்டுப் போனார்.

ஏழாம் நாள் யூஜீனியா வந்து காகிதத்தைக் கிழித்து அலுமாரியைத் திறந்தார். வடித்த நீர்த் தட்டு ஐந்திலும் வெள்ளை நூல். கடல் நீர்த் தட்டு ஐந்தும் வெறும் தட்டு. மூன்றாவது வரிசைத் தட்டை அவர் எடுத்த எடுப்பிலேயே கை நின்றுவிட்டது. கிணற்று நீர்த் தட்டு ஐந்திலும் வெள்ளையின் நடுவே சாம்பல் படிந்த பச்சை! ஒரு துணுக்கை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து நுணுக்குக்காட்டியில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை.

"முட்டு இருக்கு" என்றார் கடைசியில். "எல்லாத் தும்பிலயும் இருக்கு. நீங்க வரைஞ்ச மாதிரியே." நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "மர்ளியா, அழுக்கெண்டு எழுதினது நான்தான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க."

மர்ளியாவுக்கும் அழுகை வந்துவிட்டது. சந்தோசமும் கோபமும் ஒன்றாக வந்தால் அழாமல் என்ன செய்வாள் மனுஷி? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மன்னிப்பு கிடக்கட்டும் மிஸ்," என்றாள். "அண்டைக்கு நீங்க மரியாதைக்காகத் தேத்தண்ணிய முழுக்கக் குடிச்சிட்டுப் போயிருந்தா என்ட பூசணம் செத்திரிக்கும். இனி பேர் வைக்கிற வேலையப் பாருங்க."

பேர் வைப்பது லேசான வேலையா? பெனிசிலியம் கூட்டத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரோடும் ஒப்பிட்டு, இது அதுவல்ல, இது இதுவுமல்ல என்று நிரூபிக்க வேண்டும். மரபணுவையும் பார்த்தாக வேண்டும். உலர்த்திய தட்டொன்றை என்றைக்கும் அழியாதபடி காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். எப்படி வளர்ப்பதென்று எழுதுகிற இடத்தில் இந்த முறை "தண்ணீர்" என்று மட்டும் எழுதவில்லை. பள்ளிவாசல்துறைக் கிணற்று நீர், அதில் இவ்வளவு உப்பு என்று அளந்து எழுதினார்கள். ஒரு வருடமும் நான்கு மாதமும் போயிற்று. மர்ளியா ஒற்றைக் காலில் நின்றாள். ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை கேள்விகளோடு இரண்டு தரம் திரும்பி வந்தது. இரண்டு தரமும் புதிதாகத் தட்டு ஊற்றிப் பதில் அனுப்பினாள்.

கடைசியில் யூஜீனியா தொலைபேசியில் கேட்டார். "மர்ளியா, ஒண்டு நீங்கதான் முடிவு செய்யணும். பங்கசுக்கு உங்கட பேரையே வைக்கலாம், எனக்கு அதுதான் ஆச. ஆனா அப்பிடி வச்சா நீங்க பேர் வச்சு எழுதினாக்கள் வரிசைல நிக்க ஏலாது. தனக்குத்தானே பேர் வைக்கிறது எங்கட ஆக்களுக்குள்ள வழக்கமில்ல. பேரா இருக்கப் போறீங்களா, பேர் வச்சவங்களா இருக்கப் போறீங்களா?"

மர்ளியா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பூசணத்துக்கு அது பிறந்த மண்ணுட பேர வைங்க மிஸ். பேர் வச்சது நான்தான் எண்டு இரிக்கட்டும்."

கட்டுரை அச்சாகி வந்த அன்று காலையில் அவள் நிலையத்துக்குப் போனதும் முதல் வேலையாகப் பழைய பதிவேட்டை அலுமாரியிலிருந்து எடுத்தாள். அந்த வரியை விரித்து, கட்டுரையையும் ஒரு பேனையையும் பக்கத்தில் வைத்து, ரிஃபாஸின் மேசைக்குக் கொண்டுபோனாள்.

"வெட்டுங்க சேர்."

நிலையத்தில் ஒரு சட்டம் உண்டு. பதிவேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது, ஒட்டக் கூடாது. பிழையென்றால் பழையது தெரியும்படி ஒரே ஒரு கோடு. சரியானதை மேலே எழுதிக் கையெழுத்தும் திகதியும். அதையும் முதலில் எழுதியவரேதான் செய்ய வேண்டும். இந்தச் சட்டத்தை மர்ளியாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே ரிஃபாஸ்தான்.

ரிஃபாஸ் "அழுக்கு" மேல் ஒரு கோடு இழுத்தார். கட்டுரையைப் பார்த்து எழுத்துக்கூட்டி எழுதினார்: பெனிசிலியம் உச்சமுனையென்சே. பேனையை மூடப் போனார்.

"முடியல்ல சேர். பேருக்குப் பின்னால பேர் வச்சாக்கள்ட பேரையும் எழுதணும். அது உலகத்துச் சட்டம். இந்தப் பூசணத்துட பேர முழுசா எழுதுற எவரும் அதையும் எழுதித்தான் ஆகணும்."

பன்னிரண்டு வருடமாக ராத்தா என்று கூப்பிட்டுப் பழகியவரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு பதிவேட்டின் மேல் நன்றாகக் குனிந்து, நிறுத்தி நிதானமாக எழுதியது: மர்ளியா, யூஜீனியா. எழுதி முடித்துக் கையெழுத்து வைத்துவிட்டு ரிஃபாஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"சரியா, மர்ளியா?"

மர்ளியா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, வரியை ஒரு தரம் வாசித்தாள். இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு திரும்பவும் அவர் பக்கமே தள்ளினாள்.

"திகதி போடல்ல சேர்."